வேண்டாம்னு சொன்னவன் வேலை

விக்னேஸ்வரிக்குத் தலவலியாம்க்கா, அதான் நான் வந்தேன். ஏன், தங்கராஜு வந்தா ஆகாதா? ஆஸ்பத்திரி வாசல்ல என்னப் பாத்ததும் அப்படியே நின்னுட்டீங்களே, அந்த நர்ஸ் பொண்ணு பதறிப் போச்சு, கால்தான் திருப்பிப் பெசகிருச்சோன்னு. சரி, கால இப்படி நீட்டி வச்சுக்குங்க. தலகாணி கீழ கெடக்கு பாருங்க. ஆங், அப்படித்தான். வளைவுல ஆடாது. மெதுவாத்தான் ஓட்டுவேன், நமக்கு என்னா அவசரம்?

இல்லக்கா, இது என் லோரி இல்ல. முட்டக்கோசு ஏத்துற லோரியில உங்கள ஏத்த முடியுமா? இது யோகேந்திரன் வேன். அவரேதான் குடுத்தாரு. பெட்ரோலும் அவரே ஊத்திக் குடுத்தாரு. ஆமாலா, நம்ம யோகேந்திரன்தான். நானும் அப்படித்தான் ஆச்சரியப்பட்டேன். சாவியக் கையில குடுக்குறப்ப மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நீங்க படுத்ததுலேருந்து கிளைத் தலைவர் வேலைய அவருதான் பாக்குறாரு. செயலாளரா இருந்தப்ப குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பாரு, இப்பதான் அவரு எவ்ளோ ஒயரம்னே தெரியுது.

மீட்டிங்கா? நடந்துச்சுக்கா. ஞாயித்துக்கெழம, கோயில் மண்டபத்துல, பூச முடிஞ்சதும். என்னா முடிவா? சொல்றேன்லா. மொதல்ல மலை ஏறட்டும். இந்த ஈப்போ வெயில்ல கட்சி விஷயம் பேசுனா மண்ட வெடிச்சுரும். கொஞ்சம் குளுரு காத்து அடிக்கட்டும், எல்லாத்தையும் சொல்றேன்.

உங்க வீட்டப் பத்திதான் பேசுனாங்க, வேற என்னா பேசப் போறாங்க. தோட்டத்து மேல் லைன் வீடுங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் பாக்கி. மத்தவங்க எல்லாம் மகன் வீடு மருமகன் வீடுன்னு எறங்கிப் போயிட்டாங்க. நீங்க மட்டும் போகமாட்டேன்னு ஒக்காந்தீங்க, கட்சியும் உங்க பின்னால நின்னுச்சு. நோட்டீஸ் வந்தப்ப நின்னுச்சு, கரண்ட்ட வெட்டுனப்பவும் நின்னுச்சு. நம்ம டீ சட்டையில அச்சடிச்சு போட்டுக்கிட்டோமே, வேல செய்றவனுக்கு மட்டும் இல்ல, செஞ்சு முடிச்சவனுக்கும் வீடுன்னு. அது உங்க வாயிலேருந்து வந்ததுதானே. அந்தச் சட்ட எங்கிட்ட இன்னும் இருக்கு. வண்டி தொடைக்கத்தான் எடுப்பா எம் பொண்டாட்டி, நான் புடுங்கி வச்சுக்குவேன்.

இப்ப என்னா ஆச்சுன்னா, நீங்க இங்க படுத்திருந்தப்ப தோட்டத்துத் துரை புதுசா ஒரு பேச்சப் போட்டுட்டாரு. மேல் லைன் முழுக்க காலியானாத்தான் பேக்டரிக்குப் பின்னால வேலக்காரங்களுக்குப் புது வீடு கட்டுவாங்களாம். ஒரே ஒரு வீட்டுல ஆள் இருந்தாலும் யாருக்கும் கெடையாதாம். மேல ஓட்டல் வருதுல்ல. டூரிஸ்ட்டு ஜன்னலத் தொறந்தா தேயிலச் சரிவு தெரியணும், உங்க சௌசௌப் பந்தல் தெரியக்கூடாது. சட்டம் கிட்டம் பேசாம நம்ம வயித்துல கைய வச்சுட்டாரு. நேத்து வரைக்கும் உங்க வீடு உங்க வீடா இருந்துச்சு. இப்ப அது எல்லாரு வீட்டையும் மறிச்சுக்கிட்டு நிக்கிற வீடா ஆயிருச்சு.

ஆமாக்கா. கெட்டிக்காரன்தான்.

கோழியா? நல்லா இருக்கு. எங்க வீட்டுலதான் இருக்கு எல்லாம். சும்மாதான் கொண்டாந்தேன், அங்க ஆள் இல்லாத வீட்டுல மூசாங் பூன வந்து புடிச்சுக்கிட்டுப் போயிரும்லா. அந்தச் செவப்பு மட்டும் சரியாத் திங்க மாட்டேங்குது. எடம் மாறுனா அதுக்கும் ரெண்டு நாளு ஆகும் போல.

இந்தாங்க, கண்ணாடிய ஏத்திவிட்டுக்குங்க. பனி எறங்குது.

அக்கா, ஒரு விஷயம் ஞாபகம் இருக்கா? அந்தத் தண்ணித் தொட்டிச் சண்ட? கட்சி ஆரம்பிச்ச புதுசு. நம்ம தொகுதி வை.பி. குடுத்தாருன்னு ஒரு தொட்டி வந்து எறங்கிருச்சு. எங்க வைக்கிறதுன்னு கேள்வி. நீங்க மேல் லைனுக்குப் பக்கத்துலன்னீங்க. முருகையா மாமா கோயில் தலைவருல்ல, கோயிலுக்குப் பக்கத்துலன்னாரு. கை தூக்கச் சொன்னாங்க, மேல் லைன்னு முடிவாச்சு. மாமா அன்னிக்கே வீடு வீடாப் போயி, வடிவம்மாள் சாமிக்குத் தண்ணி இல்லாமப் பண்ணிட்டான்னு சொல்லிட்டு வந்துட்டாரு. பாதி லைன் உங்ககூடப் பேச்ச நிறுத்திருச்சு. எம் பொண்டாட்டியும் ஒரு வாரம் பேசல. பேசலதானே? எனக்குத் தெரியும்.

அடுத்த மீட்டிங்ல நீங்க எந்திரிச்சு நின்னீங்க. கொழுந்துக் கூடை எறக்கிவச்ச அந்தச் சட்டையோடயே வந்தீங்க, தோள்ல கயிறு அழுத்துன அடையாளம் அப்படியே இருந்துச்சு. சொன்னீங்க, இனிமே எந்த முடிவா இருந்தாலும், வேண்டாம்னு சொன்னவங்கதான் அத முன்ன நின்னு செய்யணும். செஞ்சு முடிச்சுட்டு ஊருக்கும் அவங்க வாயாலதான் சொல்லணும். எதிர்த்தவன் கையாலயே வேல நடந்துட்டா, அப்புறம் யாரு போயி பின்னால பேசுவா, அப்படின்னீங்க. என்னா கைதட்டு! முருகையா மாமா மொனகிக்கிட்டே தொட்டிய மேல ஏத்துனாரு. பைப்பு இழுத்தாரு, சிமிண்டு போட்டாரு. முடிச்சதும் அவருதான் மொத தண்ணி புடிச்சாரு. அதுக்கப்புறம் பாத்தா அது அவரு தொட்டி! யாராச்சும் பைப்ப மூடாமப் போனா மேலேருந்து கத்துவாரு, எந் தொட்டிடா அதுன்னு.

நல்ல ரூல்தான்கா. நான் இல்லன்னு சொல்லல. மத்த எடத்துல நம்ம கூடைக் கட்சி எப்படி ஒடஞ்சுச்சு, பாத்தீங்கல்ல. ஒரு கிளையில ஒருத்தன் நாற்காலியத் தூக்கி அடிச்சான், இன்னொரு எடத்துல போர்டைக் கழட்டிக்கிட்டுப் போயி வேற கட்சி ஆரம்பிச்சுட்டாங்க. மூணு பேரு சேந்தா ஒரு தலைவரு, ரெண்டு உதவித் தலைவரு. நம்ம கிளை மட்டும் ஒடையவே இல்ல. இத்தன வருஷத்துல ஒரு தரம் கூட.

அந்த ரூல்ல அதிகமா மாட்டுனவன் நான்தான். என் வாயி அப்படி. ஆண்டுக் கூட்டத்துக்கு ஆட்டுக்கறி எதுக்கு, கோழி போதும்னேன். நான்தான் ஈப்போவுக்கு எறங்கி ஆடு வாங்கியாந்தேன், இந்த ரோட்டுலதான், வழி பூரா கத்திக்கிட்டே வந்துச்சு. மேலிடத்துத் தலைவருக்கு ஆளுயரப் பேனரு வேணாம்னேன். மழையில மரத்துல ஏறி அவரு மூஞ்ச நான்தான் கட்டுனேன். கால் வழுக்கி அவரு மீசையப் புடிச்சுக்கிட்டுத் தொங்குனேனே, நீங்க கீழ நின்னு சிரிச்சீங்க. கடைசியில வேண்டாம் தங்கராஜுன்னே பேரு வச்சுட்டாங்க. கடையில போயி பரோட்டா கேட்டாக்கூட, வேணுமா வேண்டாமான்னு கேட்டுச் சிரிப்பானுங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்லுவீங்க, கட்சியில ஒருத்தனாச்சும் வேண்டாம்னு சொல்லணும்டா, இல்லன்னா அது கட்சி இல்ல, பஜனைன்னு.

ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக்கூடாது. அது பஜனை ஆகித்தான் ரொம்ப நாளாச்சு. நீங்க முன்னால ஒக்காந்திருப்பீங்க, உங்களுக்குத் தெரியாது. நான் பின்னால கதவுகிட்ட ஒக்காந்திருப்பேன், எனக்கு எல்லாரு முதுகும் தெரியும். ஒரு விஷயத்த எடுத்ததும் முதுகு அப்படியே வெறைக்கும். பிடிக்கலன்னு நல்லாத் தெரியும். ஆனா வாயத் தொறக்க மாட்டாங்க. தொறந்தா வேல தலையில விழுமே! நாளெல்லாம் மலையில நின்னுட்டு வந்தவன், வேண்டாம்னு சொல்லிட்டு அப்புறம் அந்த வேண்டாத வேலைய இழுத்துப் போட்டுச் செய்வானா? சரின்னு சொன்னா வீட்டுக்குப் போயி குளிக்கலாம். அதனால சரி. எல்லாத்துக்கும் சரி. மீட்டிங்கும் சீக்கிரம் முடிஞ்சுரும். பகாங்லயே ஒத்துமையான கிளைன்னு மேலிடத்துல கூப்ட்டு கேடயம் குடுத்தாங்களே, நீங்ககூட டிவி மேல வச்சிருந்தீங்க.

ஆங்? வச்சிருக்கீங்க. சரி, வச்சிருக்கீங்க. வாய் தவறுது.

கம்போங் ராஜா வந்துட்டோம். ஒரு தே ஓ குடிச்சிட்டுப் போலாமா? சூடா, இஞ்சி போட்டு? வேணாமா. பிஸ்கட்டு? சரி, வேணாம்னா விடுங்க. மருந்து வேளை தாண்டிரக்கூடாதேன்னுதான் கேட்டேன்.

நானும் நிறுத்தல அப்ப. போவோம்.

சொல்றேன், சொல்றேன். அதத்தானே சொல்ல வரேன். ஞாயித்துக்கெழம மண்டபம் நெறஞ்சிருச்சு. எப்பவும் வராதவங்க எல்லாம் வந்துட்டாங்க, வீடுன்னு கேள்விப்பட்டு. பாய் விரிச்சு ஒக்காந்தோம். கோலாலம்பூர்லேருந்து மேலிடத்து ஆளு வரேன்னு சொன்னவரு வரல, போன்ல பேசுறேன்னுட்டாரு. யோகேந்திரன் ஸ்பீக்கரப் போட்டு போனைக் கொண்டு போயி உண்டியல் மேல வச்சாரு. நாங்க எல்லாம் உண்டியலப் பாத்து ஒக்காந்துக்கிட்டு இருக்கோம், உண்டியல் எங்ககிட்ட அரசியல் பேசுது. தேர்தல் எப்ப வேணா வருமாம். கூட்டணியில நமக்கு இந்தத் தடவையாச்சும் ஒரு சீட்டு குடுக்குறதா பேச்சாம். குடுப்பானுங்களா அவனுங்க? நம்ம சின்னத்துல நம்ம ஆளு நின்னு நான் பாத்ததே கெடையாது. கேமரன்மலையில தோட்ட மக்களுக்குப் புது வீடு வாங்கிக் குடுத்த கட்சின்னு சொல்லணுமாம். நோட்டீஸ் கூட அடிச்சாச்சாம்.

நான் கேட்டேன். நோட்டீஸே அடிச்சாச்சுன்னா எங்கள எதுக்குய்யா கேக்குறீங்கன்னேன். ஜனநாயகம் தம்பின்னாரு. அப்புறம் லைன் கட்டாயிருச்சு. திருப்பி எடுக்கவே இல்ல.

யோகேந்திரன் பேசுனாரு. அவர நான் தப்பு சொல்ல மாட்டேன்கா, நீங்களும் சொல்லாதீங்க. அவரு லைன் வீட்டுக் கூரை உங்களுக்குத் தெரியும், மழ பேஞ்சா சட்டி வைக்க எடம் இல்ல. சின்னப் பொண்ணுக்கு இழுப்பு. ராத்திரியெல்லாம் அந்தப் புள்ள மூச்சு வாங்குறது செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்கே கேக்கும். அக்காவுக்காக எம் புள்ளய நனைய விடவா, அப்படின்னு கேட்டாரு. கேட்டுட்டு அழுதாரு. நெஜமாத்தான் அழுதாரு. அக்காவுக்கு வேற ஏற்பாடு பண்ணிருவோம், கட்சி கைவிடாதுன்னாரு. அந்த வீடு எப்பக் கட்டுவாங்கன்னு நான் கேட்டேன். எடத்த இன்னும் மட்டம் கூடப் பண்ணல, பேக்டரிக்குப் பின்னால போயிப் பாத்தேன், லாலான் புல்லுதான் ஆளுயரத்துக்கு வளந்து கெடக்கு. துரை வாயால சொன்னதுதான், ஒரு கையெழுத்து இல்ல. அவருகிட்ட எழுதி வாங்குறவரைக்குமாச்சும் அக்கா வீட்டத் தொடாதீங்கன்னேன். எழுதிக் கேட்டா கோவிச்சுக்குவாருன்னு முருகையா மாமா சொன்னாரு. பொறந்ததுலேருந்து தொரமாருகளுக்குக் கோவம் வராமப் பாத்துக்கிட்ட வாயி அது, வேற என்னா சொல்லும்?

பெறகு யோகேந்திரன் வழக்கம் போல கேட்டாரு, யாராச்சும் வேண்டாம்னு சொல்றீங்களா?

வெளிய பேக்டரி மிஷின் ஓடுறது கேட்டுச்சு. விக்னேஸ்வரி மகளிர் பகுதித் தலைவி, நீங்க கையப் புடிச்சு மேடையேத்திப் பேச வச்ச பொண்ணு, உங்கள அம்மான்னு கூப்புடுறவ. பாயில ஒரு ஈர்க்குச்சியப் பிச்சுக்கிட்டே இருந்தா. கண்ணுலேருந்து பொலபொலன்னு கொட்டுது. கை மட்டும் மேல வரல. முருகையா மாமா வேட்டிக் கரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. நீங்க சுகமில்லாத புள்ளைக்குக் கஞ்சி வச்சுக் குடுத்த வீடு, பிரசவம் பாத்த வீடு, பெர்மிட்டுக்கு ஆப்பீஸ் ஆப்பீஸா அலஞ்சு குடுத்த வீடு, எல்லாம் அங்கதான் ஒக்காந்திருக்கு. நான் கதவுகிட்டேருந்து பாக்குறேன், எல்லா முதுகும் வெறச்சுக் கெடக்கு. ஒரு கை வரல.

இதோ கோலா தெர்லா. அதோ எங்க மொதலாளி, தவ்கே கொட்டாய், பாத்தீங்களா? கோசு அடுக்குறானுங்க. எட்டிப் பாக்குறான் பாருங்க, இன்னிக்கு லீவு கேட்டேன்னு மொறைக்கிறான். மொறச்சிக்கட்டும். பொழுது விடிஞ்சா அவன் மூஞ்சிதானே.

ஏன் கை வரலன்னு கேக்குறீங்க. கேப்பீங்கன்னு தெரியும்.

இருங்க, இந்த லோரிய முந்திக்கிறேன். மண்ணு லோரி, பின்னால போனா கண்ணாடியெல்லாம் சேறு.

ம்? இல்லக்கா, கவனிச்சேன். நம்ம தோட்டத்து ஆர்ச்சத் தாண்டித்தான் வந்தோம். தெரிஞ்சுதான் வந்தேன். தானா ராத்தா வரைக்கும் போயிட்டு வரலாம்னு. உங்களுக்கு அந்த மாத்திர, எலும்புக்கு, அது அங்க மருந்துக் கடையில மலிவு. வரப்ப வாங்கிரலாம். சனிக்கெழம வேற, கியா பார்ம்ல ஜாமா இருக்கும், ஸ்ட்ராபெரி வாங்க எல்லாம் ரோட்டு நடுவுல நிறுத்திருவானுங்க. பரவால்ல. உக்காந்துக்கிட்டுத்தானே இருக்கோம்.

ஏன்கா அப்படி ரோட்டையே பாக்குறீங்க?

அக்கா.

மருந்து ஒண்ணும் வாங்க வேணாம். பையிலயே இருக்கு, ஆஸ்பத்திரியில குடுத்துட்டாங்க. நான் பொய் சொன்னேன். உங்களுக்கும் தெரியும். ஆர்ச் வந்தப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்ல, நான் கண்ணாடியில பாத்தேன். நேரா ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, இல்ல? விக்னேஸ்வரியக் காணோம், முருகையா மாமாவக் காணோம், தங்கராஜு மட்டும் வந்து நிக்கிறான். வேண்டாம்னு சொன்னவன்தானே வருவான். நீங்க வச்ச ரூலு, உங்களுக்குத் தெரியாதா.

அதான்கா யாரும் கை தூக்கல. முடிவு என்னான்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், நோட்டீஸே அடிச்சாச்சு. அப்ப வேண்டாம்னு சொல்றவன் என்னா செய்யணும்? உங்க வீட்டத் தொறந்து சாமானத் தூக்கணும். உங்களக் கூட்டியாந்து, உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அத யாரு செய்வா? உங்கள வேண்டாதவன் யாராச்சும் இருந்திருந்தா செஞ்சிருப்பான். எல்லாருக்கும் உங்க மேல உசுரு. அதான் ஒருத்தனும் வாயத் தொறக்கல. விக்னேஸ்வரி என்கிட்ட வந்து சொன்னா, அண்ணா, அம்மா சேலையெல்லாம் நான் எப்படிண்ணா மூட்ட கட்டுவேன், அதான் நான் கை தூக்கல, என்னத் திட்டாதீங்கன்னு. திட்டல. என்னான்னு திட்டுறது?

எல்லாரும் சேந்து வேண்டாம்னு சொல்லியிருந்தா முடிவே விழுந்திருக்கும். செய்ய ஆளே இருந்திருக்காது. அது அங்க யாருக்கும் தோணல. எனக்கும் தோணல, வீட்டுக்குப் போயி சோத்துல கைய வைக்கிறப்பதான் தோணுச்சு.

விக்னேஸ்வரி கோழிக்குத் தீனி போட ஒரு சாவி வச்சிருந்தாளே, அத வச்சுத்தான் தொறந்தோம். தொறந்தேன். நான்தான் எல்லாத்தையும் தூக்குனேன்கா, வேற ஒருத்தன் கை படல. நாலு பேரு ஒதவிக்கு வந்தாங்க, லைன் முனையில நின்னுக்கிட்டு எட்டி எட்டிப் பாத்தாங்க, ரூலு ரூலுன்னு நானே வேணாம்னுட்டேன். உங்க வீட்டுக்காரரு போட்டோவ துணியில சுத்தி முன் சீட்டுல வச்சுக் கொண்டாந்தேன். அம்மிக்கல்லு இருக்கு. கேடயம் இருக்கு. பந்தல மட்டும் ஒண்ணும் பண்ண முடியல. காய் நெறையத் தொங்குச்சு, பறிச்சு லைன் முழுக்கக் குடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க.

இப்ப போறது லெம்பா பெர்த்தாமுக்குத்தான்கா, அங்கதான் உங்களுக்கு எடம் பாத்திருக்கு. டேமுக்குக் கீழ. உங்களுக்குத் தெரிஞ்ச எடம்தான். அந்த வருஷம் டேம தொறந்துவிட்டு சேறு வந்துச்சே, நம்ம கிளையக் கூட்டிக்கிட்டுப் போயி வீடு வீடா சேறு அள்ள வச்சீங்களே. அதுக்கும் நான் வேண்டாம்னேன், நம்ம தோட்டத்து வேலையப் பாப்போம்னு சொன்னேன், மண்வெட்டியோட மொத ஆளா எறங்குனதும் நான்தான். அந்த வரிசையில கடைசி ரூம்பு. ஒரு சாயூர், காய்கறித் தோட்டக்காரன் வீட்டுக்குப் பின்னால. செவுத்துல அந்தச் சேத்துக் கோடு இன்னும் இருக்கு. சுண்ணாம்பு ரெண்டு தரம் அடிச்சேன், போக மாட்டேங்குது. கட்டில் காலுக்குக் கீழ செங்கல் வச்சு அந்தக் கோட்டுக்கு மேல ஏத்தியிருக்கேன். ஏற ஒரு பலகையும் போட்டிருக்கேன், காலுக்கு ஒத்தாசையா. சாமி படம் கெழக்கப் பாத்துத்தான் மாட்டுனேன். ஜன்னலத் தொறந்தா பிளாஸ்டிக் கூரைங்கதான் தெரியும். தேயில தெரியாதுக்கா. பாத்துட்டேன், எந்தப் பக்கம் நின்னாலும் தெரியல.

கட்சிய விட்டுப் போயிரலாம்னு பாத்தேன். எங்க போறது சொல்லுங்க? இன்னொரு கட்சியிலயும் உண்டியல் மேல போன்தான் இருக்கும்.

மீட்டிங்ல வேற யாராச்சும் கை தூக்குனாங்களான்னு கேக்குறீங்களா? இல்லக்கா. நான் ஒருத்தன்தான். நீங்க இருந்திருந்தா ரெண்டு.

அழுவுறதுன்னா அழுதுக்குங்க. ரிங்லெட் வர வரைக்கும் அழுதுக்குங்க, நான் திரும்பிப் பாக்கல. ரூம்புகிட்ட எறங்குறப்ப மட்டும் வேணாம், அந்தத் தோட்டக்காரன் பொண்டாட்டி வாசல்ல நிப்பா. யாருன்னு கேட்டா, கட்சித் தலைவரு வராங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இன்னும் ஒண்ணு இருக்குக்கா. உங்க சுருக்குப் பையில அந்த வீட்டுச் சாவி ஒண்ணு இருக்குமே. அத ஆப்பீஸ்ல குடுக்கணுமாம், ரெண்டு சாவியும் வந்தாத்தான் கணக்கெழுதுற கிராணி வீடு காலின்னு போடுவாராம். அந்தச் சாவியாச்சும் அக்காகிட்ட இருந்துட்டுப் போகட்டும், அத வாங்க வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். வேற யாரும் சொல்லல. அதனால அதையும் நான்தான் வாங்கணும். குடுங்கக்கா.